முதலில் ஊரைப் பிடியுங்கள்: தமிழ்க் குடும்பங்களின் பூர்வீகம் தேடுவது எப்படி

குடும்ப மரம் வரையும் செயலி எதைத் திறந்தாலும் முதல் கட்டத்திலேயே ‘குடும்பப் பெயர்’ என்று கேட்கும். தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு அப்படி ஒன்று கிடையாது. வேறு வழியில்லாமல் அப்பா பெயரை அதில் போட்டால், அப்பாவுக்குத் தாத்தா பெயர், தாத்தாவுக்குக் கொள்ளுத்தாத்தா பெயர் என்று தலைமுறைக்கு ஒன்றாக வந்து, ஒரே வம்சம் செயலியின் கண்ணுக்கு நாலைந்து குடும்பங்களாகத் தெரியும்.

வெளிநாட்டுக் கையேடுகள் அடுத்தபடியாகச் சொல்வது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. அதுவும் இங்கே உதவாது. சென்னை மாகாணத்தில் 1871-லேயே தலை எண்ணினார்கள். ஆனால் அச்சில் வந்தது ஊர்வாரி எண்ணிக்கை மட்டும்தான். வீடு வீடாக எழுதிய தாள்களை யாரும் பார்க்க முடியாதபடி 1948 சட்டம் மூடிவைத்திருக்கிறது.

இங்கே அரசாங்கம் விடாமல் எழுதிவைத்தது நிலத்தை. வரி வசூலிக்க அதுதான் வேண்டியிருந்தது. ஆட்களின் பெயர் அந்த நிலத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தது. பதிவேடுகள் எல்லாம் ஜில்லா, தாலுகா, கிராமம், சர்வே நம்பர் என்ற வரிசையில் கட்டப்பட்டிருக்கின்றன. ஆளின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு எந்த அலுவலகத்துக்குப் போனாலும் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும். ஊர் பெயர் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

நிலமே இல்லாத குடும்பங்களுக்கு இந்தக் கதவு திறக்காது என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவர்களுக்குத் தேவாலயப் பதிவேடு, கப்பல் பட்டியல், பள்ளிக்கூடப் பதிவேடு ஆகியவைதான் பெரிய துணை. 1892 அரசாணைப்படி ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு ஒதுக்கிய பஞ்சமி நிலம் குடும்பத்துக்கு இருந்ததாகப் பேச்சு இருந்தால், பழைய நிலவரித்திட்டப் பதிவேட்டின் குறிப்புக் கலத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பிறகு வந்த பதிவேடுகளில் அந்தக் குறிப்பு பல இடங்களில் காணாமல் போயிருக்கிறது.

வீட்டுப் பெரியவர்களிடம் கேட்பது

இருப்பவர்களில் வயதில் மூத்தவரிடம் முதலில் போங்கள். காகிதம் அடுத்த வருஷமும் இருக்கும். ஒரு தடவைக்கு முக்கால் மணி நேரம் போதும். அதற்கு மேல் போனால் அவர்களுக்குக் களைப்பு, உங்களுக்குக் குழப்பம். அனுமதி கேட்டு கைபேசியில் பதிவு செய்யுங்கள். ‘எந்த வருஷம் பிறந்தீங்க’ என்று ஆரம்பித்தால் பதில் வராது. பழைய கல்யாணப் போட்டோவை நீட்டி, ‘இதுல நிக்கிறது யாரு’ என்று கேட்டால் பேச்சு தானாக வரும்.

ஊரையும் பங்காளிகளையும் பிடிக்க மூன்று கேள்விகள் உண்டு. குலதெய்வம் எங்கே? அந்தக் கோயிலுக்குப் பிடிமண் எங்கிருந்து வந்தது? சாவு விழுந்தால் யார் யாருக்குத் தீட்டு?

முதல் கேள்வியோடு பலர் நின்றுவிடுகிறார்கள். குலதெய்வம் இருக்கும் ஊர்தான் பூர்வீகம் என்று எழுதிக்கொண்டு போகிறார்கள். குடிபெயர்ந்தவர்கள் மூலக்கோயிலிலிருந்து ஒரு பிடி மண் எடுத்து வந்து புது ஊரில் கோயில் கட்டுவது வழக்கம். ஆகவே இன்று கும்பிடும் கோயில் இரண்டாவது, மூன்றாவது நிறுத்தமாகக்கூட இருக்கலாம். பிடிமண் வந்த வழியைக் கேட்டால் குடும்பம் நடந்து வந்த வழி கிடைக்கும். மூன்றாவது கேள்வி இன்னும் கூர்மையானது. யார் உறவு என்று கேட்டால் ஊரையே சொல்வார்கள். யாருக்குத் தீட்டு என்று கேட்டால் பங்காளிகளின் பட்டியல் மட்டும் துல்லியமாக வரும்.

உறவுச் சொற்களை அப்படியே எழுதிக்கொள்ளாதீர்கள். அத்தை மகள், மாமன் மகளைக் கட்டும் குடும்பங்களில் ‘மாமா’ என்பவர் அம்மாவின் தம்பியாக இருக்கலாம், அத்தையின் கணவராக இருக்கலாம், மாமனாராகவும் இருக்கலாம். சில வீடுகளில் மூன்றும் ஒரே ஆள். ‘சித்தப்பா’ அப்பாவின் தம்பியா, சித்தியைக் கட்டியவரா? ‘எங்க அண்ணன்’ என்று பாட்டி சொல்பவர் கூடப் பிறந்தவரா, பெரியப்பா மகனா? ‘அவரு யாரு வயித்துப் பிள்ளை?’ என்ற ஒரு கேள்வி இந்தச் சிக்கலை அவிழ்த்துவிடும். மூத்தாள் பிள்ளையா, இளையாள் பிள்ளையா என்பதையும் அதே மூச்சில் கேட்கலாம். தனியாகக் கேட்டால்தான் சங்கடம்.

வீட்டில் தேட வேண்டிய பொருள்களில் மொய் நோட்டுக்கு முதலிடம். ஊர், பெயர், தொகை என்று வரிசையாக எழுதிய அந்த நோட்டு, 1960-ல் உங்கள் குடும்பத்துக்கு எந்தெந்த ஊரில் சம்பந்தம் இருந்தது என்பதற்கு நேரடிச் சாட்சி. தாய்மாமன் வரிசை பெரும்பாலும் தொடக்கத்திலேயே இருக்கும். கல்யாணப் பத்திரிகையில் ‘இன்னார் பேரனும் இன்னார் குமாரருமான’ என்று மூன்று தலைமுறை ஒரே வரியில் கிடைக்கும். கருமாதிப் பத்திரிகையில் இறந்த தேதியும் பிள்ளைகளின் முழு வரிசையும் இருக்கும். அமாவாசைத் தர்ப்பணம் செய்கிற வீடாக இருந்தால், செய்பவரை உட்காரவைத்து மந்திரத்தில் வரும் பெயர்களை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்: அப்பா வழியில் மூன்று தலைமுறை, அம்மாவைப் பெற்றவர் வழியில் மூன்று தலைமுறை, அவரவர் மனைவியர் பெயரோடு. காகிதம் எதையும் தொடாமலே பன்னிரண்டு பெயர்கள் வரை கிடைத்துவிடும்.

ஒரே பேரில் இரண்டு பேர்

தாத்தாவின் பெயரை வைத்துக்கொள்கிறவன் பெயரன்; அதுதான் பேரன் ஆயிற்று. சொல்லுக்குள்ளேயே இருக்கும் இந்த வழக்கம்தான் இந்த வேலையில் மிக அதிகமான தவறுகளுக்குக் காரணம். முத்துசாமி மகன் இராமசாமி, இராமசாமி மகன் முத்துசாமி, முத்துசாமி மகன் இராமசாமி. மூன்று காகிதங்களில் ‘மு. இராமசாமி’ என்று பார்த்தால் மூன்றும் ஒருவர் என்று நினைக்கத் தோன்றும். நடுவில் 50 வருஷ இடைவெளி இருந்தால் தாத்தாவும் பேரனும் ஒருவராகிவிடுவார்கள். ஒரு தலைமுறையே விழுங்கப்பட்டுவிடும். 1898-ல் நிலம் வாங்கிய மு. இராமசாமி 1961-ல் அதை விற்றதாகத் தெரிந்தால் வாங்கியவரின் வயதைக் கணக்குப் போடுங்கள். 90-ஐத் தாண்டினால் இரண்டு ஆட்கள்.

பங்காளிகள் வீட்டிலும் அதே தாத்தாவின் பெயரை வைத்திருப்பார்கள் என்பதால், ஒரே ஊரில் ஒரே வயதில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருப்பதும் சாதாரணம். அங்கே அப்பாவின் பெயரும் ‘பெரிய’, ‘சின்ன’ என்ற அடைமொழியும் ‘வகையறா’ பெயரும்தான் பிரித்துக் காட்டும். பட்டப்பெயரை அசிங்கம் என்று ஒதுக்காமல் எழுதிவையுங்கள்.

இன்னொரு சிக்கல் மருமகள்களால் வந்தது. மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது. அந்தப் பெயரையே குழந்தைக்கு வைத்துவிட்டால் அவள் எப்படிக் கூப்பிடுவாள்? அதனால் கூப்பிட ஒரு பெயர், காகிதத்துக்கு ஒரு பெயர். பாட்டி ‘ராசு’ என்று சொல்பவரைப் பத்திரத்தில் தேடினால் கிடைக்கமாட்டார். ‘அவங்களுக்கு எழுத்துப் பேரு என்ன’ என்று தனியாகக் கேளுங்கள். பழைய பத்திரங்களில் ‘என்கிற’ என்ற சொல் வந்தால் அது தங்கம்; இரண்டு பெயரையும் ஒரே ஆளோடு கட்டிப்போடுகிறது.

இரண்டு இனிஷியல் உள்ள குடும்பங்களில் முதல் எழுத்து பெரும்பாலும் ஊர். சி.என். அண்ணாதுரையின் ‘சி’ கான்ஜீவரம், அதாவது காஞ்சிபுரம்; ‘என்’ நடராசன். ஆங்கிலேயர் எழுதிய எழுத்துப்படிதான் அந்த முதலெழுத்தைப் படிக்க வேண்டும். ‘டி’ என்று இருந்தால் தஞ்சாவூர், திருச்சினாப்பள்ளி, திருநெல்வேலி, எண்ணற்ற திருக்கள் எல்லாமே சந்தேகத்துக்கு உரியவை.

தேதியைப் படிப்பது

பழைய பத்திரத்திலோ ஜாதகத்திலோ ஆண்டு இப்படி இருக்கலாம்: ௲௯௱௨௰௪. இன்றைய எண் முறையில் படித்தால் புரியாது. ௲ ஆயிரம், ௯௱ தொள்ளாயிரம், ௨௰ இருபது, ௪ நான்கு, ஆக 1924. பக்கத்தில் ௵ இருந்தால் வருஷம், ௴ மாதம், ௳ தேதி, ௸ மேற்படி. ‘இரத்தாட்சி௵ ஆவணி௴ ௰௨௳’ என்றால் இரத்தாட்சி வருஷம் ஆவணி 12, அதாவது 1924 ஆகஸ்ட் கடைசி வாரம்.

அதே நாளுக்கு இன்னும் இரண்டு ஆண்டுக் கணக்கு உண்டு. நெல்லைச் சீமையிலும் குமரியிலும் கொல்லம் 1100 என்று எழுதியிருப்பார்கள். கிராமக் கணக்கிலும் கிஸ்தி ரசீதிலும் பசலி 1334 என்று இருக்கும். கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கிறது. ஆவணி முதல் டிசம்பர் வரை 824-ஐயும், ஜனவரியிலிருந்து ஆடி முடிய 825-ஐயும் கூட்ட வேண்டும். பசலி ஜூலை 1-ல் பிறக்கிறது. டிசம்பர் வரை 590, ஜனவரி முதல் ஜூன் வரை 591. இதில் ஒன்றைக் கோட்டைவிட்டால் ஒரு வருஷம் தள்ளிப்போகும். ஒரு வருஷம் தள்ளினால் பதிவேட்டில் வேறு வால்யூம்.

தமிழ் வருஷப் பெயர் மட்டும் இருந்தால் தவறு ஒரு வருஷம் ஆகாது, 60 வருஷம் ஆகும். தாது என்றால் பஞ்சம் வந்த 1876-ம் ஆகலாம், 1936-ம் ஆகலாம். ஜாதகக் கட்டம் இருந்தால் இதற்கு ஒரு வழி உண்டு. சனி ஏறக்குறைய 30 வருஷத்திலும் குரு 12 வருஷத்திலும் ஒரு சுற்று வருவதால் 60 வருஷம் கழித்து இரண்டும் அதே ராசிப் பக்கம் திரும்பியிருக்கும். அவற்றை வைத்து இரண்டு தாதுவையும் பிரிக்க முடியாது. ராகுவுக்கு ஒரு சுற்று 18½ வருஷம். 60 வருஷத்தில் அது ஏறத்தாழ மூன்று ராசி தள்ளி நிற்கும். ராகு நிற்கும் வீட்டைப் பார்த்தால் எந்தத் தாது என்று சொல்லிவிடலாம். ஜோதிடத்தில் நம்பிக்கை இல்லாதவருக்கும் ஜாதகம் ஒரு கடிகாரம். அதில் இருப்பது வானத்தின் நிலை.

காகிதமே இல்லாத இடத்தில் சம்பவங்களை வைத்து மட்டுக்கட்டலாம். சென்னையில் எம்டன் குண்டு போட்டது 1914 செப்டம்பர். கேரளத்திலும் குமரியிலும் பேசும் தொண்ணூற்றொன்பதாம் வருஷ வெள்ளம் கொல்லம் 1099, அதாவது 1924 ஜூலை. தனுஷ்கோடிப் புயல் 1964 டிசம்பர். ‘அப்ப நீங்க நடந்துகிட்டு இருந்தீங்களா, இடுப்புல இருந்தீங்களா’ என்று கேட்டால் இரண்டு வருஷத்துக்குள் கொண்டுவந்துவிடலாம்.

பள்ளிச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதியை மட்டும் அப்படியே நம்பாதீர்கள். தலைக்கு மேலே கையை வளைத்துக் காதைத் தொட்டால் ஐந்து வயது என்று சேர்த்த காலம் அது. ஜூன் மாதத்தில் பள்ளி திறப்பதற்கு ஏற்ப வாத்தியார் போட்ட மே, ஜூன் தேதிகள் ஏராளம்.

பத்திரம் ஒன்றைப் பிரித்துப் பார்த்தால்

பத்திரப் பதிவுச் சட்டம் 1865-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. இன்று உள்ளது 1908-ன் சட்டம். எனவே நிலம் இருந்த குடும்பத்துக்கு 150 வருஷம் வரை எழுத்துச் சாட்சி கிடைக்க வாய்ப்பு உண்டு. 100 ரூபாய்க்குக் குறைந்த கிரயத்துக்குப் பதிவு கட்டாயமில்லை. அந்தக் காலத்தில் 100 ரூபாய்க்குள் காணி நிலம் கைமாறியது என்பதால், பத்திரம் இல்லாததைப் பார்த்துப் பதற வேண்டாம்.

கையில் கிடைத்த பழைய கிரய சாசனத்தை முதலில் பின்பக்கம் திருப்புங்கள். முத்திரைத்தாளை யார், எந்த ஊரில், எந்தத் தேதியில் வாங்கினார் என்பது அங்கே இருக்கும். பதிவு முத்திரையில் 1 புத்தகம், இத்தனையாவது வால்யூம், இந்தப் பக்கம் முதல் இந்தப் பக்கம் வரை, இந்த வருஷத்திய இத்தனையாம் நெம்பர் என்று இருக்கும். இந்த நான்கும் இருந்தால் மூலம் கரையான் தின்றுபோனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் வாங்கலாம். பத்திரம் யார் வீட்டில் இருந்தாலும் சண்டை போட வேண்டியதில்லை, அந்த எண்களை மட்டும் குறித்துக்கொண்டால் போதும். தேதி கிழிந்திருந்தால் முத்திரையில் உள்ள தலையைப் பாருங்கள். விக்டோரியா ராணி என்றால் 1901 வரை, ஏழாம் எட்வர்ட் 1910 வரை, ஐந்தாம் ஜார்ஜ் 1936 வரை, ஆறாம் ஜார்ஜ் அதற்குப் பிறகு. பழைய இருப்புத் தாள் ஒன்றிரண்டு வருஷம் பிந்தி விற்பனையாகியிருக்கலாம்.

இனி வாசகம். ‘காலஞ்சென்ற முத்துசாமி குமாரர் இராமசாமி’ என்றால் அந்தத் தேதிக்கு முன் முத்துசாமி இறந்துவிட்டார். அதற்கு முந்தைய பத்திரம் ஒன்றில் அவரே கையெழுத்துப் போட்டிருந்தால் இறந்த காலம் இரண்டு தேதிகளுக்கு நடுவே சிக்கிவிடும். ‘பிதிரார்ஜிதம்’ என்றால் நிலம் முன்னோர் வழி வந்தது, மேலே தேடலாம். ‘சுயார்ஜிதம்’ என்றால் அவரே வாங்கியது. இன்னொரு கிரயப் பத்திரம் எங்கோ இருக்கிறது. ‘தனக்காகவும் தன் மைனர் குமாரர்களுக்காகவும்’ என்ற இடத்தில் பிள்ளைகளின் பெயரும் வயதும் வரும். பிறப்புச் சான்று இல்லாத காலத்தில் இதைவிட நல்ல வயதுச் சான்று கிடைப்பது அரிது.

விற்ற காரணத்தைப் படிக்கும்போது நிதானம் வேண்டும். ‘தகப்பனார் பட்ட கடனைத் தீர்க்கவும், குமாரத்தி கலியாணச் செலவுக்காகவும்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்துக் குடும்பம் நொடித்துப்போனதாக முடிவு கட்டிவிடுகிறார்கள். கூட்டுக் குடும்பச் சொத்தைக் குடும்ப அவசியத்துக்கு மட்டுமே விற்கலாம் என்று இருந்ததால், பின்னாளில் மகன்கள் வழக்குப் போடாமல் இருக்க எழுத்தர் அந்த வாசகத்தைப் போட்டேவிடுவார். கடன்காரர் பெயரும் தொகையும் இருந்தால் உண்மையாக இருக்கலாம்.

கடைசியில் வரும் செக்குபந்தியை யாரும் படிப்பதில்லை. கிழக்கே இன்னார் நிலம், வடக்கே இன்னார் நிலம் என்ற அந்த நாலு எல்லையில் அண்ணன் தம்பிகள் ஒளிந்திருக்கிறார்கள். ஒரே தகப்பனின் நிலம் பிரிந்தால் பக்கத்து வரப்பு பங்காளியுடையதாகத்தானே இருக்கும்.

பத்திரங்களில் உயர்ந்தது பாகப்பிரிவினை. பங்காளிகள் அத்தனை பேரும் வரிசைக்கிரமமாக, வயதோடு, யார் யாருக்கு வாரிசு என்ற விவரத்தோடு அதில் நிற்பார்கள். உயில் பதிவாகியிருந்தால் 3 புத்தகத்தில் இருக்கும்; எழுதியவர் இறந்த பிறகு யாரும் மனுச் செய்து நகல் பெறலாம்.

இவற்றைத் தேடும் வழி வில்லங்கச் சான்று. பெரும்பாலான அலுவலகங்களுக்கு 1975 முதலான விவரம் பதிவுத்துறை இணையத்தில் கிடைக்கிறது. அதற்கு முந்தையதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுத்துக் கையால் தேடச் சொல்ல வேண்டும். அங்கே பெயர்வாரி அட்டவணை ஒன்று, சொத்துவாரி அட்டவணை ஒன்று என்று இரண்டு உண்டு. ‘1900 முதல் 1975 வரை’ என்று மொத்தமாகக் கேட்டால் பணமும் பொறுமையும் போகும். பத்து வருஷம் பத்து வருஷமாகக் கேளுங்கள்.

சர்வே நம்பர் மாறியிருக்கும் என்பதுதான் இங்கே இடறும் கல். நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்கக் கொண்டுவந்து 1980களில் முடிந்த யு.டி.ஆர். திட்டத்தில் புது எண்கள், புது உட்பிரிவுகள் வந்தன. கிராம ‘அ’ பதிவேட்டில் புது எண்ணும் பழைய எண்ணும் பக்கத்துப் பக்கத்துக் கலத்தில் இருக்கும். அதைப் பிடித்துத்தான் பின்னோக்கி நடக்க வேண்டும். அந்தத் திட்டத்தில் எழுதிய பட்டாக்களில் இனிஷியல் விட்டுப்போனதும், அப்பா பெயர் மாறிப்போனதும், பங்காளியின் பெயரே ஏறிவிட்டதும் உண்டு. பட்டா ஒன்றை மட்டும் வைத்து உறவை முடிவு செய்யாதீர்கள். ஜமீன் ஊராக இருந்தால் 1948 ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் அரசின் நேரடிக் கணக்கு தொடங்கும். இனாம் கிராமம் என்றால் 1858-ல் அமைத்த இனாம் கமிஷன் எழுதிய பதிவேடுகளைச் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கேட்கலாம். கொடை பெற்றவரின் சந்ததி விவரமும் அதில் இருக்கும்.

ஊர் நகராமலே ஜில்லா நகரும். இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கிராமம் 2019-க்கு முன் விழுப்புரம், 1993-க்கு முன் தென்னாற்காடு. குமரி மாவட்டக் கணக்குகள் 1956 வரை திருவிதாங்கூர்ப் பக்கம், திருத்தணி 1960 வரை சித்தூர், புதுக்கோட்டை 1948 வரை தனிச் சமஸ்தானம். எந்த அலுவலகம் என்று தேடும் முன் அந்த வருஷத்தில் ஊர் யாருடையது என்று பாருங்கள்.

பெண்கள் எங்கே போனார்கள்

மேலே சொன்ன பத்திரங்கள் முழுக்க ஆண்கள். தமிழ்நாட்டில் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் பங்கு என்ற சட்டத் திருத்தம் 1989-ல்தான் வந்தது. அதற்கு முந்தைய பாகப்பிரிவினையில் நாலு மகன்கள் இருப்பார்கள், ஐந்து மகள்கள் இருந்தார்களா என்றே தெரியாது. கட்டிக்கொண்டு போன பிறகு இனிஷியலும் மாறிவிடும். பெண்கள் பத்திரத்தில் வரும் இடங்கள் சில உண்டு: மகளுக்கு எழுதிய தான செட்டில்மெண்டு, விதவையின் ஜீவனாம்ச ஏற்பாடு, பிள்ளைகளுக்குக் கார்டியனாக இருந்த தாய், பிற்காலத்து விடுதலைப் பத்திரம்.

பரணில் இருக்கும் பித்தளை அண்டாவையும் குத்துவிளக்கையும் இறக்கிப் பாருங்கள். சீர்ப் பாத்திரத்தில் பெயர் வெட்டுவது வழக்கம். கழுத்து விளிம்பில் புள்ளி புள்ளியாகப் பெண்ணின் பெயரும், அவள் அப்பாவின் எழுத்தும், சில சமயம் ஊரும் தேதியும் இருக்கும். புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து மங்கியிருந்தால் சாய்வாக டார்ச் அடித்தால் நிழலில் எழுத்து எழும். எந்தப் பதிவேட்டிலும் இல்லாத கொள்ளுப்பாட்டியின் பிறந்த வீடு, கல்யாண வருஷத்தோடு, இப்படிக் கிடைக்கிறது. பழைய பாத்திரத்தைப் போட்டுப் புதுசு வாங்கும் முன் போட்டோ எடுத்துவிடுங்கள்.

பிறப்பு இறப்புப் பதிவேடுகளிலும் பெண் பெயர் குறைவுதான். பிள்ளைக்குப் பெயர் வைக்கும் முன்பே பதிந்துவிடுவதால் ‘பெண் குழந்தை’, தகப்பன் பெயர், அவ்வளவுதான் இருக்கும். அண்ணன் தம்பி அக்கா தங்கை வரிசை தெரிந்தால்தான் அது யார் என்று சொல்ல முடியும். பரம்பரைக் கர்ணம், முன்சீப் வேலை 1980-ல் ஒழிக்கப்பட்டபோது கிராமக் கணக்குகள் கைமாறின. வி.ஏ.ஓ.விடம் தொடங்கி, தாலுகா அலுவலகம், சார்பதிவாளர் அலுவலகம் என்று மூன்று இடத்திலும் கேட்க வேண்டியிருக்கும்.

கோயில், தேவாலயம், ஜமாஅத்

குலதெய்வக் கோயிலில் தலைக்கட்டு வரி வாங்கும் நோட்டுகளைக் கேளுங்கள். குடும்பத் தலைவர் இறந்தால் மகன் பெயர் வரும். புதுக் கல்யாணம் ஆனால் புதுத் தலைக்கட்டு வரும். தொடர்ந்து சில வருஷ நோட்டுகளைப் புரட்டினால் வம்சமே ஓடும் படமாகத் தெரியும். நகரத்தார் இதை முறையாகவே வைத்திருக்கிறார்கள்: ஒன்பது கோயில்களில் ஒன்றைச் சேர்ந்தே கல்யாணம், தம்பதி ஒரு ‘புள்ளி’, கல்யாணத்தில் எழுதும் இசைகுடிமானம் என்ற ஒப்பந்தம். ஹரித்துவாரில் உள்ள பண்டாக்கள் என்ற புரோகிதர்களின் வம்சப் பதிவேட்டைப் பற்றி இணையத்தில் நிறையப் படிக்கலாம். அது பெரும்பாலும் வடநாட்டுக் குடும்பங்களுக்கானது.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஞானஸ்நானப் பதிவேடு அரசுப் பதிவேட்டைவிடப் பழையதாக இருக்கலாம். தரங்கம்பாடியில் மிஷன் 1706-ல் தொடங்கியது. மதம் மாறியவரின் பழைய பெயரும் புதுப் பெயரும் ஒரே வரியில் இருக்கும் இடம் இது ஒன்றுதான். ஞானத்தாய், ஞானத்தகப்பன் பெயர்களையும் விடாதீர்கள், பெரும்பாலும் சொந்தம். முஸ்லிம் குடும்பங்களுக்கு ஜமாஅத்தின் நிக்காஹ் தஃப்தர், அதாவது திருமணப் பதிவேடு: மணமக்கள், தகப்பனார்கள், வலீ (பெண்ணின் பொறுப்பாளர்), சாட்சிகள், மஹர் எல்லாம் கையெழுத்தோடு.

கடல் கடந்தவர்கள்

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கும் ஃபிஜிக்கும் ஒப்பந்தக் கூலியாகப் போனவர்களைப் பற்றி ஊரில் தங்கியவர்களைவிட அதிகம் தெரியும். 1860 நவம்பர் 16-ல் ‘ட்ரூரோ’ கப்பல் சென்னையிலிருந்து டர்பன் சேர்ந்தது முதல் 1911 வரை 1,52,184 பேர் நேட்டாலுக்குப் போனார்கள். ஆளுக்கு ஒரு எண். அதில் பெயர், அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலில் உள்ள மச்சம் தழும்பு வரை. ஃபிஜிக்குச் சென்னையிலிருந்து 1903 முதல் போனவர்களின் பாஸ்களும் அப்படியே. மொரீஷியஸ் பதிவுகள் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன, புகைப்படம்கூடக் கிடைக்கலாம்.

எண் தெரியாவிட்டால் எழுத்துக்கூட்டலோடு மல்லுக்கட்ட வேண்டும். காதில் விழுந்ததை வெள்ளைக்கார குமாஸ்தா எழுதினான். கவுண்டர் அங்கே ‘கவெண்டர்’ ஆனார். ஊர் பெயரை உரக்கப் படித்துக் காட்டி, அந்தத் தாலுகாக்காரர் ஒருவரிடம் கேட்பதே சிறந்த வழி.

இலங்கைக்கும் மலாயாவுக்கும் கங்காணி முறையில் போனவர்களுக்கு இப்படிப்பட்ட தனித்தனிப் பாஸ் கிடையாது. கங்காணி தன் ஊரிலிருந்தும் அக்கம்பக்கத்திலிருந்தும்தான் ஆள் கூட்டிப் போவார். ஆகவே தோட்டத்தின் பெயரையும் கங்காணியின் ஊரையும் பிடித்தால் தாத்தாவின் ஊரை நெருங்கிவிடலாம். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து திரும்பியவர்களின் கடவுச்சீட்டிலும் குடும்ப அட்டையிலும் பூர்வீக ஊர் எழுதியிருக்கும். அதைத் தொலைத்த குடும்பங்கள் நிறைய.

எழுதிவைப்பதும் குழம்பாமல் இருப்பதும்

பழைய பத்திரத்தை லேமினேட் செய்யாதீர்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் திரும்பப் பிரிக்க முடியாது. உள்ளே காகிதம் பழுத்து உதிரும். செலோடேப்பும் வேண்டாம். பத்திரத்தை 300 டி.பி.ஐ.யிலும் போட்டோவை 600-லும் இருபுறமும் ஸ்கேன் செய்து, மூலத்தைப் பருத்தித் துணியில் சுற்றிவையுங்கள்.

பெயர்கள் திரும்பத் திரும்ப வருவதால் ஆளுக்கு ஒரு எண் கொடுத்துவிடுவது நல்லது. நீங்கள் 1. ஒருவரின் அப்பாவுக்கு அவர் எண்ணைப் போல் இரண்டு மடங்கு, அம்மாவுக்கு இரண்டு மடங்கும் ஒன்றும். அப்பா 2, அம்மா 3. அப்பாவைப் பெற்றவர்கள் 4, 5. அம்மாவைப் பெற்றவர்கள் 6, 7. அப்பா தன் தாய்மாமன் மகளைக் கட்டியிருந்தால் அப்பாவின் அம்மாவும் (5) அம்மாவின் அப்பாவும் (6) உடன்பிறப்பு. அப்போது 10-ம் 12-ம் ஒரே ஆள், 11-ம் 13-ம் ஒரே ஆள். எட்டு இருக்க வேண்டிய இடத்தில் ஆறு பேர்தான். அப்பா தன் சொந்த அக்கா மகளைக் கட்டியிருந்தால் 4-ம் 14-ம் ஒன்று, 5-ம் 15-ம் ஒன்று. செயலி ‘இரட்டிப்பு’ என்று எச்சரித்தால் கவலைப்படாதீர்கள். மரபணுப் பரிசோதனையில் தூரத்துச் சொந்தம் நெருங்கிய சொந்தமாகக் காட்டுவதற்கும் தலைமுறை தலைமுறையாக உள்ளுக்குள்ளே கட்டிக்கொண்டதுதான் காரணம்.

ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில் எங்கிருந்து வந்தது என்று எழுதுங்கள்: பெரியத்தை சொன்னது, 1924 பத்திரம், அண்டா விளிம்பு. இரண்டு முரண்பட்டால் அழிக்காமல் இரண்டையும் வையுங்கள். சாதிச் சங்க மலர்களில் வரும் வம்சாவளிகளைத் தனிக் கோப்பில் போடுங்கள். எல்லாக் குடும்பமும் மூவேந்தர் அரண்மனையில் தொடங்குவதை அவற்றில் பார்க்கலாம்.

வரைபடத்தை ஏ3 தாளில், ஓரத்தில் நிறைய இடம் விட்டுப் பென்சிலால் போட்டு, அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது எடுத்துப் போங்கள். காலியான கட்டத்தைக் காட்டி ‘இங்க யாரு’ என்றால் ‘யாருக்குப்பா ஞாபகம் இருக்கு’ என்பார்கள். தெரிந்தே ஒரு பெயரைத் தப்பாக எழுதிக் காட்டுங்கள். ‘என்னடா இது, அவன் மூத்தவன், இவ அவனுக்கு அடுத்தவ, நடுவுல ஒண்ணு அம்மைல போயிருச்சு’ என்று பென்சிலை உங்கள் கையிலிருந்து வாங்கிவிடுவார்கள்.